ஒன்பது என்று போட்டவள்

இன்று காலையில் நீங்கள் குடித்த தண்ணீரை அளந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் அளந்தது உங்களிடம் வந்து சேர்ந்ததா என்றாவது தெரியுமா?

தன் அளவுகள் சேருகின்றன என்றுதான் கெர்டி வான்டர்வீல் பத்தொன்பது வருடமாக நம்பியிருந்தாள். அமெரிக்காவின் அயோவாவில், வால்நட் ஓடைக்கரையில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே பிறந்தவள். பக்கத்து வேளாண் கல்லூரியில் தொழில்நுட்ப உதவியாளர். பெரிய பட்டம் கிடையாது. எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பெயர் வந்ததில்லை. மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்குவாள். தண்ணீருக்கடியில் கிடக்கும் சென்சாரின் கண்ணில் படிந்த பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பாள். பிறகு கைக்கருவியை முக்கி, கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனைத் தடுக்கும் உர உப்பான நைட்ரேட் எவ்வளவு என்று பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அன்றைய அளவுக்கு எதிரே 9 என்று போடுவாள்.

அவள் கல்லூரியின் வழக்கம் அது. 1 என்றால் இயந்திரம் அனுப்பியது, யாரும் பார்க்கவில்லை. 9 என்றால் ஒரு மனிதர் தண்ணீரில் நின்று சரிபார்த்தது. “நான் ஒம்போது போட்டா போட்டதுதான். அதுக்கு மேல ஒரு பயலும் கை வைக்க முடியாது” என்று காபி குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பாள்.

வசந்த காலத்தில் மழை பெய்தால் வயலில் கொட்டிய உரமெல்லாம் ஓடைக்கு வரும். அந்த நாட்களில் தினமும் இறங்குவாள். ஊர்த் தண்ணீர் நிலையம் எடுப்பது அந்த ஓடைத் தண்ணீரைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கல்லூரி உட்பட நான்கு ஆய்வு நிறுவனங்கள் தங்கள் சென்சார் அளவுகளை ஒரே இணையப் பக்கத்தில் சேர்த்தன. பாராட்ட வேண்டிய காரியம். அதற்காகப் பதினோரு முறை கூடிப் பேசினார்கள். ஓடையில் இறங்கும் ஒரே ஒருவரைக்கூட ஒரு கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டினால், கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று தண்ணீர் நிலையம் ரேடியோவில் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக ஒருமுறையும் தாண்டவில்லை. ஓடை சுத்தமாகிவிட்டது என்று உர வியாபாரிகள் பன்றிக்கறி சுட்டு விருந்தே வைத்தார்கள். கெர்டிக்கு அழைப்பில்லை. அந்தப் பக்கத்தை அவள் திறந்து பார்த்ததில்லை; ஓடையில் எண் ஏறியும் ரேடியோவில் அறிவிப்பு வராதபோது, நிலையம் சுத்திகரித்துவிடுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. தங்கை ஜனெல் போன் செய்தாள்.

“அக்கா, பாப்பா உதடு நீலமா போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். எந்தத் தண்ணில பால்மாவு கலக்குறேன்னு டாக்டர் கேக்குறாரு. குழாத் தண்ணிதான். அந்தப் பக்கத்த டெய்லி பாத்துட்டுத்தானே கலக்குறேன்? வாரம் பூரா ஆறுதான் போட்டிருக்கு.”

“ஆறா? செவ்வாக்கிழம பதினேழுடி! இடுப்பளவு தண்ணில நின்னு நானே பாத்தேன்.”

“கொதிக்க வெச்சுத்தான்க்கா கலக்குனேன்...”

“கொதிச்சா அது போகாதுடி, இன்னும் கெட்டியாகும். பதினேழுன்னு டாக்டர்கிட்ட சொல்லு. இப்பவே ஓடு!”

கெர்டி கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திங்கள், ஆறு. செவ்வாய், புதன் இரண்டுக்கும் அளவே இல்லை. இல்லாத நாளுக்கு முந்தைய நாளின் எண்ணையே அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தது. ஆறு, ஆறு, ஆறு. பின்னால் போனாள். ஏப்ரல், போன மே, அதற்கு முந்தைய ஏப்ரல். அவள் தண்ணீரில் நின்ற நாளெல்லாம் காலி. நூற்றுப் பன்னிரண்டு நாட்கள். அத்தனைக்கும் எதிரே அவள் கையால் போட்ட 9.

பக்கத்தை நடத்தும் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். பொறுப்பாளர் முனைவர் லிண்ட்குவிஸ்ட் எடுத்தார்.

“ஒம்போதா? எங்க முறையில ஒம்போதுன்னா அளவு எடுக்கலன்னு அர்த்தம் மேடம். கம்ப்யூட்டரே தூக்கிடும். கையேட்டுல நாலாம் பக்கத்துல தெளிவா இருக்கே.”

“கையேட்ட எங்க புரொபசருக்கு அனுப்பினீங்க. அவரு ஓடைல இறங்க மாட்டாரு சார். மழை பேஞ்ச நாள் மட்டும் காலியா இருக்கேன்னு ஒருத்தருக்கும் தோணலையா?”

“வெள்ளத்துல சென்சார் கெட்டுப்போறது சகஜம்னு நெனச்சோம். செப்டம்பர் கமிட்டில வெக்கிறேன்.”

“செப்டம்பர் வரைக்கும் புள்ளைங்க இந்தத் தண்ணியக் குடிக்கணுமா?”

கெர்டி போனை வைத்தாள். தண்ணீர் நிலையத்தில் இருக்கும் ஹார்லனைக் கூப்பிட்டாள். அவன் அவளோடு பள்ளியில் படித்தவன்.

“உன்ன நம்பாம யார நம்புவேன் கெர்டி? ஆனா அந்த இணையப் பக்கத்துல பத்தத் தாண்டினாத்தான் நான் வாயத் தெறக்க முடியும். நீ சொன்னேன்னு ரேடியோல போனா, நாளைக்கு என் நாற்காலில வேற ஆள் ஒக்காந்திருப்பான்.”

“அப்போ அந்தப் பக்கத்தையே சொல்ல வெக்கிறேன். ரேடியோ நம்பர எடுத்து வெச்சுக்க.”

அந்தப் பக்கம் மணிக்கொருமுறை எண்களை எடுத்துக்கொள்ளும் தன் கல்லூரிப் பதிவைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைக்கு எதிரே இருந்த 9ஐ அழித்தாள். 1 என்று போட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய். புதனுக்கும் அப்படியே. நான் நின்று பார்த்தேன் என்றபோது குப்பையில் போட்ட உலகம், ஒருவரும் பார்க்கவில்லை என்றவுடன் ஒரு மணி நேரத்தில் அப்படியே விழுங்கிக்கொண்டது. பதினேழு. பதினெட்டு. சிவப்பு நிறத்தில்.

மதியச் செய்திக்கு முன் ஹார்லனின் குரல் ரேடியோவில் கேட்டது. கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் தங்கையின் குழந்தை டெஸ்ஸாவுக்கு ஊசி போட்டார்கள். சாயங்காலம் உதட்டில் சிவப்பு திரும்பியது. பாட்டிலில் வாங்கிய தண்ணீரில் கலந்த பாலை அது உறிஞ்சுவதைக் கெர்டி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உக்காரேன்க்கா, ஏன் சிலையாட்டம் நிக்கிற?”

“மத்த நூத்திப் பத்து நாளும் இந்த ஊர்ல யாரு யாரு பால் கலக்குனாங்கடி?”

அந்தப் பட்டியலை எந்த நிறுவனமும் வைத்திருக்கவில்லை.

விஷம் வைத்தவன் யார் என்று தேடினால் ஒருவனும் அகப்படமாட்டான். எல்லோரும் கையேட்டின்படிதான் நடந்தார்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தண்ணீரை அளக்கும் அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். அளவு என்ன என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்தெந்த நாளின் அளவை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள், அன்று தண்ணீரில் நின்றவர் யார், அவரிடம் கேட்டீர்களா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.