அரம் இழுத்த விளிம்பு

தீஹன் முப்பத்தொரு வருடம் லேத்தில் நின்றவர். எதைக் கடைந்தாலும் கடைசியில் அரத்தை எடுத்து விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார். எடுப்பவர் கை அறுபடக் கூடாதே! நல்ல பழக்கம்தான். அதுதான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

இஸிக்-குல் ஏரிக்கரையில், நீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டுகளைச் சோதிக்கும் பட்டறை அது. புது டார்பிடோவின் மூக்குக்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுத் தட்டு வேண்டியிருந்தது. கணக்குப் போட்டவள் அஸில்கான் என்ற கிர்கிஸ் பெண்.

"தீஹன் மாமா, விளிம்பு கத்தி மாதிரி இருக்கணும். அதுதான் தண்ணிய வெட்டி ஒதுக்கும். பின்னாடி வர்ற குமிழிக்குள்ள டார்பிடோ உடம்பு நனையாம பறக்கும்."

"எனக்கே பாடமா? போய் டீயக் குடி, போ."

தட்டு முடிந்தபோது வானொலியில் ஹாக்கி ஆட்டம். கை தன் பாட்டுக்கு அரத்தை எடுத்து இழுத்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. மயிரிழைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கொடுத்துவிட்டார்.

கிளம்பிய டார்பிடோவின் குமிழி ஒரு பக்கம் கிழிந்தது. தண்ணீர் மோதி, அது இரண்டாக ஒடிந்து மூழ்கியது. முக்குளிப்பவர்கள் மூக்கை எடுத்துவந்தார்கள். விளிம்பு ஏரிக்கல்லில் உரசி மழுங்கியதென்றும், கணக்குத்தான் தப்பென்றும் விசாரணையில் முடிவுகட்டினார்கள்.

அஸில்கான் எழுந்தாள். "மாமா, தட்ட நான் சொன்னபடிதானே கடைஞ்சீங்க?"

"சொன்னபடிதான்" என்றார் தீஹன்.

அவளைக் கம்பளிக் கிடங்குக்கு மாற்றினார்கள். தீஹன் அதற்குப்பிறகு அரத்தைத் தொடவில்லை. விரலெல்லாம் வெட்டுக்காயம். "கிழவனுக்குத் தொழில் மறந்துபோச்சு" என்று கூட இருந்தவர்கள் கேலிசெய்தார்கள். அந்தக் காயங்கள் தனக்குத் தகும் என்று நினைத்துக்கொள்வார்.

ஓய்வு பெற்ற மறுவாரம் கிடங்குக்குப் போனார். கம்பளி மூட்டைகளுக்கு நடுவே எழுந்து நின்ற அவளிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"நான்தான்மா. அரத்த இழுத்துட்டேன்."

"தெரியும் மாமா." அவள் கிண்ணத்தில் டீ ஊற்றினாள். "மூக்க ஏரியிலேருந்து எடுத்த அன்னைக்கே விளிம்பத் தடவிப் பாத்தேன். கல்லு அப்படி வரிசையா, சாய்வாவா கீறும்? உங்க கை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்மா நீ சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எழுந்து உங்களக் கேட்டேன்."