அண்ணாந்து குடிப்பவன்

இங்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு போக வேண்டும், நம்மூர் கோர்ட்டில் வக்கீல்கள் போடுகிறார்களே, அந்த மாதிரி. அதன் தொங்கும் கை சூப்பில் தோயாமல் பிடித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். கரண்ட் இருந்தும் விளக்கைப் போடாமல் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கேட்டால் பாரம்பரியமாம். இங்கிலாந்தின் இந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அந்த அங்கி இன்னும் என் உடம்பில் ஒட்டவில்லை.

வந்த புதிதில் முதல் விருந்து. பக்கத்தில் எட்வர்ட் என்ற மாணவன். எல்லோர் கையிலும் ஒயின், எனக்கு ஆரஞ்சு ஜூஸ். பேச்சுக்கு நடுவே அவன் ஒரு பென்னிக் காசை என் தம்ளருக்குள் போட்டு, "அரசரைக் காப்பாற்று!" என்றான். நான் பதறிப்போய், "உங்கள் காசு விழுந்துவிட்டது" என்றேன். மேஜையே சிரித்தது. காசில் அரசர் தலை இருக்கிறதாம், அவர் மூழ்குவதற்குள் ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டுமாம். இவ்வளவுதானா என்று தம்ளரைத் தூக்கி, வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஜூஸோடு காசும் சேர்ந்து தொண்டைக்குள் பாய்ந்தது. இருமி இருமி அதைத் துப்புவதற்குள் வெள்ளைச் சட்டை நாசமாகிவிட்டது. ஒருவனும் என் முதுகைத் தட்டவில்லை, எல்லோரும் மேஜையைத்தான் தட்டினார்கள்.

எனக்கு வேறு எப்படிக் குடிக்கத் தெரியும்? ஓசூர் பக்கத்துப் பாகலூரிலிருந்து பர்கூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனபோது ஹாஸ்டல் அறையில் நாங்கள் நான்கு பேர். முனிராஜ் தெலுங்கில் திட்டுவான், சங்கர் கன்னடத்தில் பதில் சொல்வான். சனிக்கிழமை சாயங்காலம் ஹைவே ஓரத்துப் பரோட்டாக் கடை, நடுவில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். எங்கள் கேளிக்கை அவ்வளவுதான். அண்ணாந்து குடிப்பதற்குப் பின்னால் சாதி பார்த்த பழைய புத்தி இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த எங்கள் நால்வருக்கும் அதுதான் பகிர்ந்துகொள்ளும் வழி. வாய் படாதவரை பாட்டில் எல்லோருக்கும் சொந்தம்.

விருந்துக்குப் பிறகு என்னை எல்லா இடத்துக்கும் கூப்பிட்டார்கள். நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று மடையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். பாரில் போய் உட்காருவதற்குள் எட்வர்ட் தம்ளரை நீட்டி, "அந்த அருவியைச் செய்து காட்டு" என்பான். நான் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்கு அவன் வைத்த பெயர் அது. சுற்றிலும் செல்போன்கள் உயரும். ஒருநாள் முடியாது என்றேன். அன்றோடு அழைப்பு நின்றது. என் பெயரை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சலாக இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. ஆனாலும் அந்த மேஜையில் ஒருவனாகிவிட வேண்டும் என்ற வெறி மட்டும் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தம்ளர் விளிம்பை உதட்டில் வைத்துச் சத்தமில்லாமல் குடித்துப் பழகினேன். பழக்கம் வந்துவிட்டது, அழைப்புதான் வரவில்லை. சாதாரணமாகக் குடிப்பவனை அவர்கள் எதற்குக் கூப்பிட வேண்டும்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்துவிட்டு ஹாஸ்டல் நண்பர்கள் மூன்று பேரும் அதே பரோட்டாக் கடைக்கு வந்தார்கள். முனிராஜ் பாட்டிலை நீட்டினான். பேசிக்கொண்டே வாயில் வைத்துக் குடித்துவிட்டுத் திருப்பி நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"இன்னாடா, எச்சில் பண்ணிட்ட?"

"மறந்துட்டன்டா."

"அதெப்படிடா மறக்கும்? நாலு வருஷம் ஒரே பாட்டில்ல குடிச்சோம். இப்ப நாங்க குடிக்க வேணாமா?"

"உடுறா, வெள்ளக்காரன் ஆயிட்டான். சார் தனியாத்தான் குடிப்பாரு" என்று சங்கர் சிரித்தான்.

முனிராஜ் சிரிக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்து, "அண்ணா, எங்களுக்கு வேற பாட்டில் குடுங்க" என்றான்.

புதுப் பாட்டில் அவர்கள் மூவருக்குள் கைமாறிக்கொண்டே இருந்தது. என் பக்கம் வரவில்லை. என் முன்னால் இருந்த பாட்டிலில் இன்னும் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. அதைத் தூக்கி, வாய் படாமல், அண்ணாந்து குடித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.