பெயர் வைக்காத பட்டன்கள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர்தான் எனக்குத் திரை. காதில் ஹெட்போன், விரலடியில் கீபோர்டு. மவுஸைத் தொடுவதில்லை. அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியாதவளுக்கு அது ஒரு சோப்புக்கட்டி, அவ்வளவுதான்.

முன்பு எங்களிடம் இருந்த முன்பதிவு மென்பொருள் பார்க்கச் சகிக்காது என்பார்கள். எனக்கு அது அத்துப்படி. ஆந்திராவிலிருந்து யாராவது பௌர்ணமிக்கு அறை கேட்டு போன் செய்தால், அவர்கள் தெலுங்கில் கேட்டு முடிப்பதற்குள் என் பாதித் தெலுங்கில் பதில் வந்துவிடும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

அப்புறம் முதலாளி புது மென்பொருள் வாங்கினார். கீழ்பென்னாத்தூர்க்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். “போன்லயே எல்லாம் தெரியுதும்மா, சூப்பரா இருக்கு” என்று அன்றைக்கு ஒரே சந்தோஷம் அவருக்கு.

நான் திறந்தேன். “பட்டன்” என்றது. டேப் விசையைத் தட்டினேன். “பட்டன்.” மறுபடி தட்டினேன். “பட்டன்.” எது பதிவு செய்யும், எது ரத்து செய்யும் என்று எதற்கும் பெயர் இல்லை. கண்ணுக்குச் சின்னச் சின்னப் படங்கள் இருந்தனவாம். அவற்றின் பெயரை உள்ளே எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எந்த அறை காலி என்பதைப் பச்சை, சிவப்புக் கட்டங்கள் காட்டின. என் காதுக்கு அந்த முழு நாட்காட்டியும் “படம்” என்ற ஒற்றைச் சொல்லாக வந்து நின்றது.

என்னோடு மேசையில் இருக்கும் அக்கா ஒவ்வொரு பட்டனையும் சொல்லச் சொல்ல, வரிசையை மனப்பாடம் செய்தேன். ஒரு வழியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மென்பொருள் தானாகவே புதுப்பித்துக்கொண்டு பட்டன்களை இடம் மாற்றிவிட்டது. பதிவைச் சேமிப்பதாக நினைத்து நான் தட்டியது, ரத்து. இத்தாலியிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் பெட்டிகளோடு வாசலில் நின்றபோதுதான் அது தெரிந்தது. பௌர்ணமிக் கூட்டம். ஊரில் எங்கேயும் அறை இல்லை. அண்ணன் அலைந்து திரிந்து தெரிந்தவர் வீட்டு மாடியில் அவர்களுக்கு இடம் பிடித்தார். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, பரவாயில்லை என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “உன்மேல தப்பு இல்லம்மா. ஆனா கூட்டம் ஜாஸ்தியாகுது. கொஞ்ச நாளைக்கு நீ போனை மட்டும் பாத்துக்க. கம்ப்யூட்டர அக்கா பாத்துக்கட்டும்.”

“சரிங்கண்ணா” என்றேன். வேறென்ன சொல்வது? போனை எடுப்பேன், காத்திருக்கச் சொல்வேன், அக்காவைக் கேட்பேன், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். மூன்றாம் நாளே எனக்கு வெறுத்துவிட்டது.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “பச்சைக் கலர்ல ஒரு கட்டம் தெரியும் பாருங்க மேடம், அதைக் கிளிக் பண்ணுங்க.”

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“பக்கத்துல வேற யாராவது இருந்தா குடுங்க மேடம்.”

“வேற யாரும் வேணாங்க. வேலை என்னோடது.”

அவரிடம் இனிமேல் விளக்கிப் பயனில்லை என்று புரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்கிரீன் ரீடரின் குரலை வெளியே ஒலிக்கவிட்டு, அதைப் போனில் ஒலிப்பதிவு செய்தேன். பட்டன், பட்டன், படம், பட்டன். நடுநடுவே நான் பேசினேன்: “இப்ப நான் ஒரு ரூம் புக் பண்ணணும். எதைத் தட்டட்டும், நீங்களே சொல்லுங்க.” அதை அவர்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடியும்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். அந்தத் திரைகளை எழுதியவர்களில் ஒருவராம்.

“நீங்க அனுப்பினதைக் கேட்டேங்க. நானும் ஒரு ஸ்கிரீன் ரீடர் போட்டு, மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு உக்காந்தேன். முதல் பக்கத்தையே என்னால தாண்ட முடியல. நாம சேர்ந்து சரி பண்ணலாமா?”

கையில் ரசம் சோறு. அப்படியே உட்கார்ந்து பேசினேன்.

அதற்குப் பிறகு மத்தியான வேளைகள் எங்கள் இருவருக்கும்தான். அவர் ஒன்றைத் திருத்தி அனுப்புவார், நான் ஓட்டிப் பார்த்துச் சொல்வேன். பட்டன்களுக்குப் பெயர் வந்தது. படமாக இருந்த நாட்காட்டி, அம்பு விசைகளால் நகரக்கூடிய அட்டவணை ஆயிற்று. எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. ஒரு திருத்தத்தில் திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, வெளியே வர வழியே இல்லாமல் என்னை உள்ளே அடைத்தது. “கதவு இல்லாத ரூம் கட்டியிருக்கீங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டு, அன்றே கதவு வைத்தார்.

கார்த்திகை தீபத்துக்கான முன்பதிவு தொடங்கும் காலை வந்தது. எங்கள் ஊரில் விடுதிக்காரர்களுக்கு அதுதான் வருடத்திலேயே பெரிய பரபரப்பு. அண்ணனிடம் போய், “இன்னிக்கு கம்ப்யூட்டர்ல நான் உக்கார்றேங்கண்ணா” என்றேன்.

“முடியுமாம்மா?”

“பக்கத்துலயே நில்லுங்க. தப்பு வந்தா எழுந்துக்கறேன்.”

போன் அடிக்க ஆரம்பித்தது. நெல்லூர், பெங்களூரு, சேலம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போன், இரண்டு கையும் கீபோர்டில். “மேல்மாடி, இரட்டைக் கட்டில், காலி” என்றது காதில். பெயரைத் தட்டினேன். “பதிவை உறுதி செய், பட்டன்.” அடுத்த போன். அடுத்தது. அண்ணன் எப்போது நகர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. டீ வேண்டுமா என்று அவர் தூரத்திலிருந்து கேட்டபோதுதான், அவர் பக்கத்தில் நிற்கவில்லை என்பதே உறைத்தது. மாலைக்குள் எல்லா அறையும் நிறைந்தது. ஓர் அறையைக்கூட இரண்டு பேருக்குக் கொடுக்கவில்லை.

அக்கா பின்னாலிருந்து தோளைக் கட்டிக்கொண்டார். “அப்பாடா, எனக்கு இனிமே கம்ப்யூட்டர் வேணாம்டி, நீயே வச்சிக்க” என்றார்.

தீபம் முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய பிறகு, மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அறை கேட்கிறார் என்று நினைத்து எந்தத் தேதிக்கு என்றேன்.

“அறை வேணாங்க. நானும் இங்க ஒரு லாட்ஜுலதான் இருக்கேன். எனக்கும் பார்வை இல்ல. அதே சாப்ட்வேர்தான். போன வாரம் அப்டேட் வந்துச்சு, திடீர்னு பட்டனெல்லாம் பேர் சொல்லுது! கம்பெனில கேட்டேன், திருவண்ணாமலைல ஒரு மேடம்னு சொன்னாங்க.”

“நான்தாங்க அது” என்றேன். அவர் தொடர்ந்தார். “ஆமா, ரீடரை என்ன ஸ்பீடுல பேச வச்சிருக்கீங்க?”

சொன்னேன்.

“அவ்வளவுதானா?” என்றார்.

போனை வைத்ததும் முதல் வேலையாக ரீடர் பேசும் வேகத்தை இரண்டு படி கூட்டினேன்.