சுவிட்சின் மேல் ஒரு கை

அந்த வீட்டில் எந்த விளக்கும் வீணாக எரிந்ததில்லை. குடும்பத் தலைவரான பஸ் கண்டக்டர் விடமாட்டார். அறையைக் கடக்கிற போக்கில் அவர் கை சுவரைத் தடவும். டக்கென்று சத்தம் கேட்கும். உள்ளே ஆள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் இருட்டுதான். குடும்பத்தில் முதல் ஆளாக மகள் பட்டம் வாங்கியதே அந்த டக்டக்குக்கு நடுவில்தான்.

படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. உள்ளங்கையில் அடங்கும் பழைய வீடியோ ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, ஊரார் வீட்டு விழாக்களைப் படம்பிடித்தாள். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அடாப்டரைச் சுவரில் செருகினால்தான் உயிர் வரும்.

கண்டக்டரின் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், அப்புறம் குரல் வராது என்றார் டாக்டர். ஊரையெல்லாம் படம்பிடித்தவளிடம் அப்பாவின் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை. ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ரெக்கார்டரை எடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"என்னம்மா பேசச் சொல்ற? டிக்கெட் குடுக்கவா?"

"பஸ்ல பேசுற மாதிரியே பேசுங்கப்பா."

தொண்டை கரகரத்தது. ஆனாலும் பேச்சு சூடுபிடித்துவிட்டது. படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே விரட்டினார். நிறுத்தங்களைக் கூவினார். பிறகு, அவள் காலேஜில் சேர்ந்த அன்று ஓடும் பஸ்ஸில் விசில் ஊதி, எல்லாரையும் திரும்பவைத்து, செய்தி சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினார். அவளுக்கு இது தெரியவே தெரியாது.

தண்ணீர் குடிக்க எழுந்தார். திரும்பும்போது கை சுவரைத் தடவியது. டக்.

திரை கறுத்தது.

"அப்பா!"

"ஏன், என்ன? ஏதோ சார்ஜர் சும்மா கிடக்குதேன்னு..."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினால்தான் அந்தக் கருவி பதிவை முடித்துச் சேமிக்கும். மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தாள். பதிவு திறக்கவில்லை. 'பாதியில் நின்ற பதிவு, சரிசெய்யவா?' என்று திரை கேட்டது. அவள் விரல் பொத்தான் வரைக்கும் போய் நின்றது. வீட்டில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நடுவில் இன்னொரு தடவை அறுந்தால் மிச்சமும் கைவிட்டுப் போகும்.

"அக்கா, அதை அழிச்சிட்டு மறுபடி எடு. அப்பா இங்கதான இருக்காரு" என்றான் தம்பி.

"யாரும் தொடாதீங்க. பேச்சு உள்ளதான் இருக்கு. அது மேல வேற எதையாவது எழுதினாத்தான் போச்சு. உன் போன்ல இருக்கிற மெமரி கார்டைக் குடு."

"அதுல என் பாட்டெல்லாம் இருக்கே!"

"பாட்டு எங்கடா ஓடிடப் போகுது? குடுறா!" என்று அதட்டினாள் அம்மா.

ரெக்கார்டரில் இருந்த கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பியின் கார்டைப் போட்டு, இந்தத் தடவை துண்டு துண்டாக எடுத்தாள். கொஞ்சம் பேசினதும் நிறுத்தினாள், சேமித்தாள், திறந்து பார்த்தாள்.

"இதென்ன டவுன் பஸ்ஸா? நாலு அடிக்கு ஒருதரம் நிக்குது" என்றார் கண்டக்டர். காலேஜ் கதையை மறுபடி கேட்டதற்கு, "அதான் சொன்னேனே" என்று கூச்சப்பட்டார். அதற்குள் தொண்டையும் அடைத்துக்கொண்டது.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றியதும், பத்திரப்படுத்தியிருந்த கார்டோடு ரெக்கார்டரைக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. கட்டிலை ஒட்டிய சுவரில் செருகி, 'சரிசெய்' என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரலாமா வேண்டாமா என்று நகர்ந்தது.

பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன் போனோடு வந்தான். "கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

கண்டக்டர் எட்டிச் சுவிட்சை உள்ளங்கையால் பொத்தினார். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற அதே முறைப்பு. மருமகன் பின்வாங்கினான்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தக் கையா இது!"

கோடு நிறைந்தது. மகள் பதிவைத் திறந்தாள். விசில் சத்தம் போல வாயாலேயே ஒரு கீச்சு, பிறகு வார்டே திரும்புகிற மாதிரி ஒரு குரல்:

"எல்லாரும் கேளுங்கப்பா! எம்பொண்ணு காலேஜ்ல சேந்துட்டா! ... சரி சரி, சில்லறைய எடுங்க."

"யாரு பேசுறது?" என்றான் மருமகன்.

கண்டக்டர் ஒரு கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். இன்னொரு கையைச் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.