ஞாயிற்றுக்கிழமைத் துளை

ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் டிராம் ஓட்டும் இல்காவின் முகத்தில் காயம் இல்லாத வாரம் குறைவு. கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். அந்தக் கதவின் பெயர் ரூடிகர். அவள் புருஷன்.

அவர்கள் இருந்த அடுக்குமாடியில் கான்கிரீட் சுவர்கள். ஓர் அறையின் வைஃபை அடுத்த அறைக்குப் போகாது. ரூடிகருக்கு அது பொறுக்கவில்லை. டிவி, விளக்கு, பூட்டு, கேமரா, இல்காவின் போன் எல்லாம் ஒரே இணைப்பில் தன் கைக்குள் அடங்கவேண்டும் என்று சுவர்களைத் துளைத்து அறை அறையாகக் கேபிள் இழுத்தான். படுக்கையறை மட்டும் பாக்கி. அடி தாங்காமல் ஓடித் தாழ் போட்டுக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அங்கேயும் கேமராவும் பூட்டும் வந்துவிட்டால் பிறகு ஒளிய மூலை கிடையாது.

சனிக்கிழமை அந்தத் துளையைத் தொடங்கியபோதே இருட்டிவிட்டதால் டிரில் மிஷினைப் படுக்கையறையிலேயே போட்டுவிட்டான். இரவிலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது என்பது அங்கே சட்டம். பெண்டாட்டியின் மூக்கை உடைப்பவன் அதை மட்டும் மீறமாட்டான்.

"திங்கக்கிழமை உன் ரூமுக்கும் கண்ணு வச்சிடறேன்டி" என்று சிரித்தான்.

ஞாயிறு மதியம், உருளைக்கிழங்கு குழைந்துவிட்டதென்று சட்டியை அவள் மேல் எறிந்தான். முடியைப் பிடித்துச் சமையல் மேடையில் மோதினான். பல் ஒன்று கழன்று வாய்க்குள் உருண்டது. விலாவில் உதைத்தான். அவள் அலறிய அலறலுக்குக் கீழ்வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. என்றைக்கும் நகர்ந்ததில்லை. நாகரிகமான மனிதர்கள்.

தவழ்ந்தே படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டாள். அவன் தோளால் இடித்ததில் கீல் பெயர்ந்தது.

"தொறடி. இன்னிக்கு உன்னை முடிச்சிடறேன்."

டிரில் மிஷினை எடுத்தவளுக்கு, அவன் வயிற்றில் இறக்கத்தான் முதலில் ஆசை. பிறகு, தன் அலறலுக்கு வராதவர்கள் எந்தச் சத்தத்துக்கு ஓடி வருவார்கள் என்று புரிந்தது. சுவரில் வைத்து அழுத்தினாள்.

கட்டடமே அதிர்ந்தது. கதவை இடிப்பது சட்டென்று நின்றது.

"ஏய், நிறுத்துடி. ஞாயித்துக்கிழமைடி. நாலு பேர் என்ன நினைப்பாங்க?" ரூடிகர் கெஞ்சினான்.

அவள் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் மாடிப்படி முழுக்க அக்கம்பக்கத்தார். யாரோ போன் செய்ததில் போலீஸும் வந்துவிட்டது. ரூடிகர் சட்டையை நீவிக்கொண்டு வாசலைத் திறந்தான்.

"மன்னிச்சுக்கங்க. அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல."

கீழ்வீட்டு ஹாப்பே அம்மாள் போலீஸ்காரியிடம் கொதித்தாள். "அடி, அலறல் எல்லாம் வாரம் தவறாம கேக்கும், வருஷக்கணக்கா. அது அவங்க குடும்ப விஷயம், நாங்க வாயே தொறந்ததில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை செவுத்தைத் துளைச்சா எப்படிங்க பொறுத்துக்கறது?"

அறையிலிருந்து ரத்தம் வழிய வந்து நின்ற இல்காவைப் போலீஸ்காரி பார்த்தாள்.

"அம்மா, முதல்ல ஒண்ணு சொன்னீங்களே" என்றாள் ஹாப்பே அம்மாளிடம். "அதை இன்னொரு தடவை சொல்லுங்க."