நாலாம் நம்பர்க் கெசட்

அந்தக் காலணிப் பெட்டியைத் திறந்தால் உப்புக்காற்றும் வெள்ளைக்காரர் பூசும் வெயில் களிம்பும் கலந்த ஒரு மணம் வரும். ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் பொத்துவிலில் மாமாவின் கெஸ்ட்ஹவுசில் மூன்று மாதம் வேலைசெய்த என் அண்ணன் காக்காவிடம், அலைச்சறுக்க வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன ஐந்து கெசட்டுகள் அதில் இருந்தன. ஐந்தும் ஒரே மேல்நாட்டுக் குழுவின் பாட்டுகள். முதல் மூன்றின் அட்டையிலும் முடி வளர்த்து, உதட்டுச்சாயம் பூசி, மினுங்கும் காற்சட்டையோடு நாலு பேர் நின்றார்கள்.

"இவனுகள் ஆம்பிளயாடா, பொம்புளயா?" என்று கேட்டார் உம்மா.

"ஆம்பிளதான் உம்மா. குரலக் கேளுங்களன்."

"குரலாடா அது? ஆடு அறுக்கிற மாதிரி இரிக்கி. தொழுற ஊட்டுக்குள்ள இந்தப் படமெல்லாம் வெக்கப்படாது."

காக்கா பள்ளிக் கொப்பிக்கு உறைபோடும் மண்ணிறத் தாளால் ஐந்தையும் மூடி, ஒன்று முதல் ஐந்துவரை நம்பர் போட்டார். மாலையில் வரும் நண்பர்கள் முதல் மூன்றையும் தேயத்தேயக் கேட்டார்கள். முடியை வெட்டிச் சாயத்தைக் கழுவியபின் அந்தக் குழு மெதுவாகப் பாடிய நாலும் ஐந்தும் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "சவச்சவ என்டு இரிக்கி மச்சான், தூக்கிப் போடு" என்பார்கள். எட்டு வயதான நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

வாப்பா அப்போது சவூதியில் இருந்தார். வெற்றுக் கெசட்டில் "கதைத்து"ப் பதிந்து, அங்கே போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு புறப்படவிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்ப உம்மா மாசிச் சம்பலைப் பொதிசெய்துகொண்டிருக்க, எங்கள் வெற்றுக் கெசட்டின் நாடா சிக்கி அறுந்துவிட்டது. புதிதாகப் பாடமாக்கிய யாசீன் சூராவை வாப்பாவுக்கு ஓதிக்காட்டும் ஆசையில் நான் நாலாம் நம்பரை எடுத்தேன். மேலே இருந்த இரண்டு துளைகளையும் கடதாசியால் அடைத்தால் பாட்டின் மேலேயே பதியும் என்று தெரிந்திருந்தது. ஓதி முடித்தபின்னும் நாடா மிச்சமிருந்தது. என் ஓதலை அடுத்து அந்தப் பாட்டுக்காரர் தொடங்குவாரே, அது பாவமா என்று யோசிப்பதற்குள் பொதி போய்விட்டது. வாப்பா அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காக்கா கேட்டார். "புள்ள, நாலாம் நம்பரக் கண்டயா?"

"இல்ல காக்கா."

"வடிவாத் தேடிப் பாரு. எல்லாரும் போனாப்புறகு நான் அதத்தான் கேக்குற."

நண்பர்களில் ஒருவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்து, மற்ற நாலையும் அலுமாரியில் பூட்டினார். மாலைக் கூட்டம் அத்தோடு நின்றது.

எத்தனையோ வருடம் கழித்து, போன கிழமை, என் மகன் பகலில் தூங்கியபோது, போனில் அந்த நாலாம் தொகுப்பைத் தேடிப்பிடித்தேன். ஒரு தாய் செய்கிற வேலையா இது என்ற தயக்கத்தோடு, சத்தத்தைக் குறைத்து, இரண்டு முறை தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். நான் அழித்த பாட்டுகள் நன்றாக இருந்தன. ஆரவாரமெல்லாம் ஓய்ந்த பிறகு, யாரும் கேட்கிறார்களா என்று தெரியாமலே பாடுகிற களைத்த குரல். பதினேழு வயதில் காக்கா இதைத் தனியாக இருந்து கேட்டிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிக் காக்காவுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்ப, மூன்று முறை பதிந்து அழித்தேன். நாலாவது போனது. அவர் வேலைசெய்யும் கட்டாரிலிருந்து உடனே பதில் வந்தது.

"எந்தக் கெசட் புள்ள? பொத்துவில்ல நின்டது ஞாபகம் இரிக்கி, பாட்டு ஒண்டும் ஞாபகமில்ல. அத உடு, மகனுக்குத் தடிமன், இருமல் சுகமா?"

"ஓம், சுகம் காக்கா" என்று அனுப்பினேன்.

நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கெசட் கேட்கிற காலமே போய்விட்டது, அது போகட்டும். எல்லாரும் போனபின் நாலாம் நம்பரைக் கேட்ட, காக்காவுக்குள் அன்று இருந்த அந்தப் பதினேழு வயதுக்காரரிடம்தான் நான் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். அவர் எந்த வருடம், எந்த ஊரில் வைத்து எங்களை விட்டுப் போனார் என்பது காக்காவுக்கே தெரியவில்லை.