தோற்க விடாத அலுவலகம்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சமம். அதை நாங்கள் கொள்கையாகவே வைத்திருந்தோம். கொள்கை என்றால் வாயால் சொல்வதற்கானது என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில், பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப்போன ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். சாயங்காலம் வேலை முடிந்ததும் கேரம் போர்டை எடுத்துப் போடுவோம். ஒரே ஒரு சட்டம்: தோற்றவர் மாடி இறங்கி, எதிர்க்கடையில் வடையும், தூக்கில் டீயும் வாங்கி வர வேண்டும். தலைமை எழுத்தருக்கும் விலக்குக் கிடையாது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, எங்களைத் திட்டிக்கொண்டே தெருவைக் கடப்பார். நானோ திட்டுவதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். நான் ஸ்ட்ரைக்கரைத் தொட்டாலே கடைக்காரர் எனக்காக வடையைப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார் என்று கேலி பேசுவார்கள்.

அப்போதுதான் வரிச்சிக்குடியிலிருந்து புதிதாக ஓர் எழுத்தர் வந்து சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். காலில் இரும்புச் சட்டம், கையில் கம்பு. காலைக் கூட்டத்தில் முண்டியடித்து பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, மாடியும் ஏறி, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே இருக்கும் கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வரும் நான், அவருக்குப் பிறகு மூச்சிரைக்க வந்து, “பாவம், எப்படித்தான் தெனம் வர்றீங்களோ!” என்று இரக்கப்படுவேன்.

அவர் முதல்நாள் போர்டில் உட்கார்ந்து அடித்த அடியில், ஸ்ட்ரைக்கர் பறந்துபோய் மைக்கூட்டில் மோதியது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. என்னைவிட மோசமாக ஆட இந்த உலகத்தில் ஒருவர் இருக்கிறார்! அந்த நேரம் பார்த்துத் தலைமை எழுத்தர் என் காதில் கிசுகிசுத்தார்: “யோவ், தோத்துடுய்யா. இந்த மனுசரப் போயி வடை வாங்கிட்டு வான்னு அனுப்ப முடியுமா? பாவம் புடிச்சுக்கும்.”

தோற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. வேண்டுமென்றே தோற்பதுதான் புதிது. சிவப்புக் காயைக் குழியின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, சம்பந்திக்குப் பந்தியில் இடம் பிடித்துக் கொடுப்பதுபோல அவருக்கு வழிவிட்டேன். அன்று முதல் எல்லாரும் அவரிடம் தோற்றோம். “நான் ஒண்ணும் அப்படி ஆடலையே சார்” என்று அவர் கூச்சப்படும்போது, “என்னா அடக்கம் பாத்தீங்களா!” என்று மெச்சிக்கொண்டோம். எங்கள் பெருந்தன்மையை நினைத்து எங்களுக்கே புல்லரித்தது.

பிறகு அலுவலகங்களுக்கிடையே கேரம் போட்டி வந்தது. எங்கள் சார்பில் யார் ஆடுவது? யாரிடமும் தோற்காதவர் ஒருவர்தான் இருந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். அனுப்பிவைத்தோம். மகன் ஆடுவதைப் பார்க்க, நடவு வேலையை விட்டுவிட்டு அவருடைய அப்பா வேறு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே ஆடியவன் இரக்கமே இல்லாத ஆள். காலைப் பார்க்கவில்லை, காயை மட்டும் பார்த்தான். நம்மவரால் ஒரு காயைக்கூடப் போட முடியவில்லை. கூட்டம் சிரித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் புது எழுத்தர் நேராகப் போர்டுக்கு வந்தார்.

“எங்கப்பாவுக்கு முன்னால என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க.”

“ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் தம்பி…” என்று இழுத்தார் தலைமை எழுத்தர்.

“கால் சூம்புனவன் தோக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? மத்தவங்கள மாதிரி என்னையும் தோக்கடிங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நாளைலேருந்து இந்தப் பக்கமே வரலை.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க ஒக்காருங்க சார். ஒங்ககிட்டயே தோத்தாத்தான் எனக்கு உண்மை தெரியும்.”

பாராட்டா, வசையா என்று யோசிக்காமல் உட்கார்ந்தேன். ஜெயித்தேன். ஜெயித்துப் பழக்கமில்லாததால் எழுந்து நின்று கத்தியும்விட்டேன். யாரும் என்னோடு சேர்ந்து கத்தவில்லை.

அவர் தூக்கை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நாங்கள் ஜன்னலில் வரிசையாக நின்று, அவர் தெருவைக் கடப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கீழே ஒருவரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. தலைமை எழுத்தர் வடையைக் கடித்தார். முகம் கோணியது.

“என்னய்யா இது? ஆறிப்போயி ரப்பராட்டம் இருக்கு!”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயில் வடையோடு அப்படியே நின்றார். நாங்களும்தான்.

“சூடா வேணும்னா எங்கிட்ட தோத்துட்டு நீங்களே எறங்கிப் போங்க” என்றார் புது எழுத்தர்.

“நெசமா ஆடி ஒங்கிட்ட தோக்கற அளவுக்கு எனக்குத் தெறமை பத்தாதுய்யா!”

அவர் பவுடர் டப்பாவைப் போர்டின் மேல் கவிழ்த்துத் தட்டினார்.

“அதையும் பாத்துடுவோம். வாயத் தொடச்சுக்கிட்டு ஒக்காருங்க.”